காரில் பிக்கப் குறைந்துவிட்டதா? பாகம் வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூருக்கு வெளியே கோம்பாக் டோலைத் தாண்டி, கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வரைக்கும் ஏறும் காராக் நெடுஞ்சாலையில்தான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. முன்பெல்லாம் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு சிரமமில்லாமல் ஏறிய கார், இப்போது லாரிக்குப் பின்னால் முனகிக்கொண்டு போகிறது. எக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் வருகிறது, வேகம் வருவதில்லை.

அடுத்த நாளே பிளக் மாற்றுகிறார்கள். சரியாகவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றுகிறார்கள். அப்புறம் பெட்ரோல் பம்ப். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் இந்த மூன்றையும் மாற்றி முடித்த பிறகுதான், காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. பிக்கப் பழுதில் காசு போவது பெரும்பாலும் பார்க்கும் வரிசை தவறுவதால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முக்கியத்துவம். காசு செலவாகாத சோதனைகள் முதலில், கழற்ற வேண்டியவை பிறகு, பாகம் வாங்குவது கடைசியில்.

மைவி, சாகா, பெசா, பெர்சோனா, வியோஸ், சிட்டி போன்ற இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். காபரேட்டர் காலத்துக் கார்களுக்கும் டீசல் வண்டிகளுக்கும் முறை வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, காரின் கணினியில் பதிவாகும் பழுதுகளைப் படிக்கும் ஓர் ஓபிடி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப் வழியாகப் பார்க்கும் சின்ன புளூடூத் கருவியே போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் அது தங்கள் போனோடு சேருமா என்று கேட்டுவிடுங்கள். பழைய புளூடூத் வகை சேராது. பழுதுக் குறியீட்டை (கோடு என்பார்கள்) மட்டும் காட்டும் கருவி வேண்டாம். ஓடும் எஞ்சினின் அளவுகளை நேரடியாகக் காட்டுவதுதான் வேண்டும். மிகப் பழைய உள்ளூர்க் கார்கள் சிலவற்றில் இந்தச் சாதாரணக் கருவி இணையாது. அப்படியானால் ஸ்கேன் வேலையை மட்டும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் டார்ச் லைட், 10 மி.மீ. சாக்கெட், உங்கள் காருக்குப் பொருந்தும் பிளக் சாக்கெட் (14 அல்லது 16 மி.மீ. தான் வழக்கம்), நீளமான எக்ஸ்டென்ஷன், டயர் காற்று அளக்கும் கேஜ், கையுறை. கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். எந்த ஒயர் எந்தப் பக்கம் போனது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

காரின் கையேடு கட்டாயம் வேண்டும். பிளக் வகை, பிளக் இடைவெளி, எண்ணெய் வகை, டயர் காற்று எல்லாம் அதில் இருக்கிறது.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது கழற்றும் வேலைகளைச் செய்யுங்கள். காலை நேரம் நல்லது. நம் ஊர் மதிய வெயிலில் நின்ற கார், ஓட்டாமல் இருந்தாலும் சீக்கிரம் ஆறாது.

2. பழுது எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். “பிக்கப் இல்லை” என்பது பத்துப் பழுதுகளுக்குப் பொதுவான பெயர். அது எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

காலையில் எடுத்த உடனே வருகிறதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? தொடக்க இழுவையிலா, 80 கிலோமீட்டருக்கு மேலா? ஒரேயடியாக வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா? இழுக்கும்போது உதறுகிறதா, அல்லது வழுவழுப்பாகவே ஓடி வேகம் மட்டும் ஏறாமல் இருக்கிறதா?

உதறலோடு வந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் எரியவில்லை. உதறாமல் மூச்சு அடைத்ததுபோல் இருந்தால் காற்றோ புகையோ போகும் வழி அடைபட்டிருக்கலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் திணறினால் பெட்ரோல் வரத்தைச் சந்தேகியுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: அதற்கு முன் என்ன நடந்தது? எஞ்சின் கழுவினீர்களா, சர்வீஸ் முடிந்து வந்ததா, வெள்ளத்தில் ஓட்டினீர்களா, புதிய இடத்தில் பெட்ரோல் நிரப்பினீர்களா? சர்வீஸுக்கு மறுநாள் வந்த பழுது என்றால், சர்வீஸில் கை வைத்த இடத்தையே முதலில் பாருங்கள். வடிகட்டிப் பெட்டியின் கிளிப் சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது ஒரு சாக்கெட் பாதி செருகி இருக்கும்.

3. பானெட்டைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை

காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எக்ஸிலரேட்டரைத் தரை வரைக்கும் அழுத்திப் பாருங்கள். புதிதாகப் போட்ட தடிமனான கால் மிதியடி பெடலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தால் பெடல் முழுதாக இறங்காது. மிதியடி பெடலில் மாட்டி, கார் வேகம் குறையாமல் ஓடும் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

டயர் காற்றை அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பின்பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்குங்கள். 1.3 லிட்டர் காருக்கு 60 கிலோ என்பது இன்னோர் ஆள் ஏறியதற்குச் சமம்.

எஞ்சின் எண்ணெய் அளவைப் பாருங்கள். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு இன்றைய சிறிய கார்களில் பரவலாக இருக்கிறது, அது எண்ணெய் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. எண்ணெய் குறைந்தாலோ கசடானாலோ இழுவை குறையும்.

பிறகு ஏசியை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிறிய எஞ்சினில் ஏசி அணைத்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரிவது இயல்புதான். ஆனால் அணைத்தவுடன் கார் முழுக்கப் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கம்ப்ரஸர் இறுகத் தொடங்கியிருக்கலாம். அப்போது எஞ்சினைக் கழற்றுவதில் பயன் இல்லை.

4. எஞ்சினிலா, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலா?

வழிகாட்டி முழுவதிலும் முக்கியமான பிரிவு இதுதான். எஞ்சின் சக்தியை உண்டாக்கியும் அது சக்கரத்துக்குப் போகாமல் இருந்தால், பிளக் மாற்றியும் பம்ப் மாற்றியும் ஒன்றும் ஆகாது.

பிரேக்கில் தொடங்குங்கள். கொஞ்ச தூரம், பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பிரேக் தட்டைத் தொடாமல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. முன்சக்கரம் என்றால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் ஊசி துருப்பிடித்திருக்கும். பின்சக்கரம் என்றால் கைபிரேக் கேபிள் இறுகியிருக்கும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்தால் பிரேக்கே பிடிக்காமல் போகும்.

மேனுவல் கியர் என்றால் கிளட்ச் சோதனை: ஆளில்லாத சமதள ரோட்டில், நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் அளவில் போகும்போது எக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேக முள் அப்படியே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, குறை எஞ்சினில்.

ஆட்டோ கியரிலும் இதே கேள்விதான். ஆனால் படிகள் இல்லாமல் மாறும் சிவிடி வகை ஆட்டோ கியரில் ஏமாறாதீர்கள். சிவிடியில் அழுத்தியவுடன் ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பிறகு வருவது அதன் இயல்பு. 2021 முதல் சிவிடியோடு வரும் பெரோடுவா கார்களுக்கு மாறியவர்கள், பழைய நாலு கியர் ஆட்டோவை ஓட்டிய பழக்கத்தில் இதைப் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். அதிர்வு, ஊளைச் சத்தம், ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடுவது இவை சேர்ந்து வந்தால்தான் சிவிடியைச் சந்தேகிக்க வேண்டும். அப்படி இருந்தால் காருக்கு உரிய சிவிடி எண்ணெயைத்தான் ஊற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் ரசீதில் பாருங்கள். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் அதில் போகவே கூடாது.

சோதனை ஓட்டத்தை எங்கே செய்வது? ஃபெடரல் ஹைவேயிலும் எம்ஆர்ஆர் 2 வட்டச் சாலையிலும் வேண்டாம். திடீரென்று வேகம் இழக்கும் காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். ஞாயிறு காலை, தொழிற்பேட்டைப் பகுதியின் அகலமான ரோடு சரியான இடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

5. ஸ்கேன்: கோடு மட்டும் பார்த்தால் போதாது

செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்யுங்கள். விளக்கை எரியவைக்காத கோடுகளும் நினைவகத்தில் கிடக்கும். எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். முதல் வேலையாகக் கோடுகளை அழித்துவிட்டால், பழுது வந்த நேரத்து வேகம், சூடு, ஆர்பிஎம் ஆகியவற்றைச் சேமித்து வைத்திருக்கும் பதிவும் அதோடு போய்விடும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தைக் குறையுங்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரில் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அடுக்கை உருக்கிவிடும். சிறிய காயில் செலவு பெரிய செலவாக மாறுவது இப்படித்தான்.

கோடு எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை; எந்த அளவு எல்லை மீறியது என்று மட்டும் சொல்கிறது. பி0171 வந்தவுடன், புகையில் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு சொல்வது, எஞ்சினுக்குள் வரும் பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்பது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, குற்றம் வேறெங்கோ இருக்கிறது. பி0301 முதல் பி0304 வரை எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதைச் சொல்லும். பி0420 கன்வெர்டரின் சுத்திகரிப்புத் திறன் குறைந்ததைச் சொல்கிறது. அது அடைபட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

கோடே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. நேரடி அளவுகளில் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, இன்டேக் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் வழியில் காற்றின் அழுத்தம். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓட்டாமல் இருக்கும்போது 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும்; கோலாலம்பூரின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய அதுதான். சூடான எஞ்சின் ஏசி இல்லாமல் ஐடிலில் (நின்ற நிலையில், எக்ஸிலரேட்டரை அழுத்தாமல்) ஓடும்போது 30 முதல் 40-க்குள் இருப்பது வழக்கம். இப்போது ஓட்டத்தில் முழுக்க அழுத்துங்கள். அளவு மறுபடியும் 100-ஐ நெருங்க வேண்டும். 80-க்குப் பக்கத்திலேயே நின்று, ஆர்பிஎம் ஏற ஏற இன்னும் இறங்கினால் காற்று உள்ளே வரவே வழியில்லை: வடிகட்டி, குழாய் அல்லது முழுதாகத் திறக்காத த்ராட்டில் (எக்ஸிலரேட்டரை அழுத்தும்போது காற்றுக்கு வழி திறக்கும் தட்டு). அளவு சரியாக நெருங்கியும் இழுவை இல்லை என்றால் உள்ளே வரும் வழி திறந்திருக்கிறது. தீப்பொறி, பெட்ரோல், புகை வழி ஆகிய மூன்றும்தான் மிச்சம். சில கார்களில் இந்த அளவு இருக்காது, அதற்குப் பதில் காற்று ஓட்ட அளவு கிராம் கணக்கில் வரும்.

இரண்டாவது, ஃபியூல் டிரிம். கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கும் சதவீதம் இது. உடனடித் திருத்தத்தையும் நீண்டகாலத் திருத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் கழித்தல் 5 வரை நல்லது, 10 வரை பொறுக்கலாம். ஐடிலில் 20-ஐத் தொட்டு, 2500 ஆர்பிஎம்மில் 5-க்கு வந்துவிட்டால் எங்கோ காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துக் காட்டுகிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே தேவையில்லாமல் பம்ப் வாங்குவது நின்றுவிடும்.

மூன்றாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் சூடு. 80 பாகைக்குக் கீழேயே நின்றால், சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் எப்போதும் குளிர்ந்த கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும். 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பிக்கப்பை மறந்துவிட்டு, முதலில் சூட்டைக் கவனியுங்கள்.

பெடலை அழுத்தினாலும் ஆர்பிஎம் ஓர் அளவுக்கு மேல் ஏறவே மறுத்து, விளக்கும் எரிந்தால் கார் தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. பெடல் அல்லது த்ராட்டில் சென்சாரின் இரண்டு அளவுகள் ஒத்துப்போகாதபோது கணினி வேண்டுமென்றே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கோட்டைத் தீர்க்காமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

6. காற்று வரும் வழி

வடிகட்டிப் பெட்டியைத் திறங்கள். கட்டுமான வேலை நடக்கும் பகுதியில் தினம் ஓடும் கார் என்றால் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே வடிகட்டி அடைபடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; ஒளி வராவிட்டால் மாற்றுங்கள். ஈரமாக இருந்தால் நீர் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். திடீர் வெள்ளத்தில் ஓட்டிய காரில் இது சாதாரணம்.

பெட்டிக்குள் காய்ந்த இலை, பஞ்சு, பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எலி கூடு கட்டியிருக்கிறது. தரைவீடுகளில், அதுவும் சாக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார்களில், இதை அடிக்கடி பார்க்கலாம். எலி இருந்தால் ஒயரையும் கடித்திருக்கும். காயில் ஒயர், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒயர் முழு நீளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிறிய வேக்யூம் குழாய்களின் முனைகளும் நம் ஊர்ச் சூட்டில் காய்ந்து பிளக்கும். கசிவு தேட எரியும் திரவத்தைச் சூடான எஞ்சின்மேல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, மின் இணைப்புகளைத் தவிர்த்து, குழாய் மூட்டுகளில் மட்டும் மெல்லிய தண்ணீர்த் தூவலைக் காட்டுங்கள். ஓர் இடத்தில் ஓட்டத்தின் சத்தம் மாறி, டிரிம் எண்ணும் ஒரு நொடி இறங்கினால் அதுதான் இடம்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடில் ஆடும், மிதித்த முதல் நொடியில் தயக்கம் வரும். சுத்தம் செய்தால் இது தீரும். ஆனால் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இழுக்காத காருக்கு இது மருந்து இல்லை. முழுக்கத் திறந்த த்ராட்டிலில் ஓரத்துக் கரி பெரிய தடை ஆகாது. எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டை, சாவி போட்டிருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெடும், திடீரென மூடினால் விரலும் போகும். அதற்கென்று விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சுத்தம் செய்த பிறகு ஐடில் சில நாள் கூடுதலாக இருந்தால், கையேட்டில் அல்லது பட்டறையில் ஐடில் மறுபதிவு செய்யும் முறையைக் கேளுங்கள்.

7. பிளக்கும் காயிலும்

உதறல் இருந்தால் பிரிவு 6-ஐ விட்டுவிட்டு நேரே இங்கே வரலாம்.

எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று கோடு சொல்லியிருந்தால், புதிய காயில் வாங்காமலே குற்றவாளியைப் பிடிக்க முடியும். பி0302 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். கோட்டை அழித்து, உதறல் வரும்வரை ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில் போய்விட்டது. அந்த ஒரு காயிலை மட்டும் வாங்குங்கள். பி0302-ஆகவே இருந்தால் காயில் நல்லது. அடுத்து அதே முறையில் பிளக்கை இடம் மாற்றுங்கள். அப்போதும் நகராவிட்டால் இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) என்று போக வேண்டும்.

ஒரே நேரத்தில் காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். கார் சரியாகும், ஆனால் எது கெட்டது என்று தெரியாது. நல்ல காயிலும் குப்பைக்குப் போகும்.

காயிலைத் தூக்கும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் நின்றால் மேல்மூடியின் கேஸ்கெட் அல்லது குழாய் சீல் கசிகிறது; அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரமே கெடும். தண்ணீர் நின்றால் எஞ்சின் கழுவியபோது இறங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றும் முன் குழியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், மண் சிலிண்டருக்குள் விழக் கூடாது.

கழற்றிய பிளக்கை வரிசை மாறாமல் வையுங்கள். நான்கும் வெளிர் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சில் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், தீப்பொறி முனையில் அடிக்காமல் பக்கவாட்டில் இறங்கியிருக்கிறது. சும்மா ஐடிலில் ஓடும்போது இந்தப் பிளக் நன்றாகவே எரியும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் விட்டுவிடும். வீட்டு வாசலில் சரியாக ஓடும் கார் கெந்திங் ஏற்றத்தில் உதறுவதற்கு இதுவே நான் அடிக்கடி காணும் காரணம்.

புதுப் பிளக்கை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் விரல் பலமே போதும். அடியில் உட்கார்ந்த பிறகு, டார்க் ரென்ச் இருந்தால் கையேட்டின் அளவுக்கு. இல்லாவிட்டால் வாஷர் உள்ள புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அதைச் சரிசெய்யும் செலவு பிளக்கைப்போல் பல மடங்கு. இரிடியம் பிளக்கின் முனை ஊசிபோல் மெலிந்தது, அதைத் தட்டி இடைவெளி சரிசெய்ய முயலாதீர்கள்.

8. பெட்ரோல் போய்ச் சேருகிறதா?

டிரிம் எண்கள் பெட்ரோல் பற்றாக்குறையைக் காட்டியிருந்தால் மட்டும் இந்தப் பிரிவு.

சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி மெல்லிய ஓசை கேட்க வேண்டும். அது பம்ப். ஓசை வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓசை சுழற்சியைத்தான் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. அழுத்தத்தை கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான இன்ஜெக்‌ஷன் கார்களில் 3 முதல் 3.5 பார் வரை இருக்கும். உங்கள் காரின் சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். ஐடிலில் மட்டும் பார்க்காமல், பளு கொடுக்கும்போதும் அது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் குழாயைக் கழற்றினால் சூடான எஞ்சின்மேல் பீய்ச்சும். பட்டறையில் “பம்ப் மாற்றுங்கள்” என்று சொல்லாமல், “பளு கொடுத்து அழுத்தம் அளந்து சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

கேஜ் இல்லாமலும் ஒரு துப்பு கிடைக்கும். முழுக்க அழுத்தி ஓடும்போது முன் ஆக்ஸிஜன் சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இழுவை விட்டுப்போகும் அதே நொடியில் 0.2-க்கு இறங்கினால் பெட்ரோல் போதவில்லை. வோல்ட்டுக்குப் பதில் விகிதக் கணக்கில் காட்டும் புதுவகைச் சென்சாரில் இந்த எண்கள் பொருந்தாது.

இன்றைய பல கார்களில் வடிகட்டி டாங்கிக்குள்ளேயே பம்போடு சேர்ந்து வருகிறது. டாங்கியில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் விளக்கு எரியும்வரை ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

ரோன் 95 பெட்ரோலை ஏற்கும் காருக்கு ரோன் 97 ஊற்றினால் பழுது தீராது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, சூட்டில் தட்டல் சத்தம் கேட்கும் காருக்கு மட்டுமே அதில் வித்தியாசம் தெரியலாம்.

9. புகை வெளியேறும் வழி

காற்று சரி, தீப்பொறி சரி, பெட்ரோல் சரி, ஆனால் கார் கழுத்தைப் பிடித்ததுபோல் ஓடுகிறது. ஆர்பிஎம் ஏற ஏற இன்னும் மோசம். இப்போது கன்வெர்டரைப் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் அடுக்கு உடைந்திருக்கிறது. உருகி அடைத்திருந்தால் சத்தம் வராது. அதற்கு, 2500 ஆர்பிஎம்மில் நிலையாக வைத்து இன்டேக் அழுத்தத்தைக் கவனியுங்கள். நல்ல காரில் எண் நிலையாக நிற்கும். அடைபட்ட காரில் மெல்ல ஏறிக்கொண்டே போகும். உறுதி செய்ய, பட்டறையில் முன் ஆக்ஸிஜன் சென்சார் துளை வழியாக அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது.

கன்வெர்டரின் உள்ளடுக்கை உடைத்து எடுத்துவிட்டால் போதும் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில்தான் அந்தப் புகை போகிறது. தவிர, கன்வெர்டர் தானாக அடைபடுவது அபூர்வம். எரியாத சிலிண்டரோ எண்ணெய் குடிக்கும் எஞ்சினோ அதை அடைத்திருக்கும். அந்த மூலத்தைத் தீர்க்காமல் புதியது போட்டால் அதுவும் அடைபடும்.

10. இதுவரை கிடைக்கவில்லை என்றால்

கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டருக்கும் ஒரே முறையில் அளந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வால்வு, ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட். நான்கும் ஒன்றுபோல் குறைவு என்றால் வால்வு திறந்து மூடும் டைமிங் நழுவியிருக்கலாம்.

பி0011 போன்ற கோடு இருந்தால் வால்வு நேர அமைப்பின் எண்ணெய் வால்வைக் கழற்றி, சல்லடையில் கசடு இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ கார்களில் பி0299 வந்தால், டர்போவைச் சந்தேகிக்கும் முன் இன்டர்கூலர் குழாயின் கிளிப்கள் நழுவியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

11. சரிசெய்த பிறகு

கோடுகளை அழித்துவிட்டு அதே ரோட்டில், அதே சுமையோடு, அதே ஏசி நிலையில் ஓட்டுங்கள். சூழ்நிலை மாறினால் ஒப்பிட முடியாது. டிரிம் எண்கள் ஒரு வாரத்துக்குள் கூட்டல் கழித்தல் 5-க்குள் வந்து நிற்க வேண்டும். பிக்கப் திரும்பியும் எண் இன்னும் 12-இல் நின்றால் பழுது பாதிதான் தீர்ந்திருக்கிறது, மறுபடி பிரிவு 6-க்குப் போங்கள்.

கழற்றிய பழைய பாகத்தை உடனே எறிய வேண்டாம். நல்ல காயில் என்று தெரிந்தால் உறையில் போட்டு, எந்தச் சிலிண்டரில் இருந்தது, எத்தனை கிலோமீட்டரில் எடுத்தது என்று எழுதி பின்பெட்டியில் வையுங்கள்.

பட்டறைக்குப் போக வேண்டி வந்தால் நீங்கள் எடுத்த படங்களையும் எண்களையும் காட்டுங்கள். “சூடான பிறகு மூன்றாவது கியர் ஏற்றத்தில் வருகிறது, ஐடிலில் டிரிம் 3, பளுவில் 18, காயில் மாற்றிப் பார்த்தாயிற்று” என்று சொன்னால் மெக்கானிக் நேரே பெட்ரோல் அழுத்தத்தில் தொடங்குவார். பாகம் மாற்றும் முன் எந்தச் சோதனையில் அது கெட்டதென்று தெரிந்தது என்று கேளுங்கள், பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பம்ப், கன்வெர்டர் போன்ற விலைகூடிய பாகம் என்றால் விலை எத்தனை வெள்ளி, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.